பிழைக்கப் போனவர்கள்: திருவண்ணாமலை மாவட்டத்தின் நூற்றைம்பது ஆண்டுகள்

நேட்டாலுக்குக் கரும்புத் தோட்டக் கூலிகளாகப் போன தமிழர்களின் கப்பல் பட்டியல்கள் இன்றும் தென்னாப்பிரிக்க ஆவணக் காப்பகங்களில் இருக்கின்றன. ஆளுக்கு ஒரு வரி. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, ஆணா பெண்ணா, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், அங்க அடையாளம், உயரம். அங்க அடையாளம் என்ற கட்டத்தில் உடம்பில் உள்ள தழும்பையும் மச்சத்தையும் குறித்துக்கொண்டார்கள். ஜில்லா என்ற கட்டத்தில் திரும்பத் திரும்ப வருகிற பெயர் வட ஆர்க்காடு. 1860 முதல் 1902 வரையிலான பட்டியல்களை ஆராய்ந்த வரலாற்றாசிரியர் சுரேந்திர பானாவின் கணக்கில், சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்களை மிகுதியாக அனுப்பிய ஜில்லாக்களில் வட ஆர்க்காடு முன்வரிசையில் நிற்கிறது. 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒப்பந்தக் கூலிகள் மொத்தம் 1,52,184 பேர். அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினர் சென்னையில் ஏறியவர்கள். 1903 முதல் ஃபிஜித் தீவுக்குத் தென்னிந்தியாவிலிருந்து ஆள் எடுத்தபோதும் இதே ஜில்லா முன்னால் நின்றது.

இன்றைய திருவண்ணாமலை மாவட்டம் 1989 செப்டம்பர் 30ஆம் நாள் அந்த வட ஆர்க்காட்டிலிருந்து பிரிந்து உருவானது. ஆரணி, போளூர், செய்யாறு, வந்தவாசி எல்லாம் பழைய வட ஆர்க்காட்டுச் சீமை. திருவண்ணாமலை வட்டம் மட்டும் முன்பு தென்னார்க்காட்டோடு இருந்து பிறகு சேர்ந்துகொண்டது. மலைக்கும் கோயிலுக்கும் வருகிறவர்களைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களுக்குக் கணக்கில்லை. துறவிகள், சித்தர்கள், வெள்ளைக்கார சாதகர்கள், பௌர்ணமிக்கு வரும் லட்சக்கணக்கான பக்தர்கள் எல்லோரும் பதிவாகியிருக்கிறார்கள். இந்த மண்ணிலிருந்து பிழைக்கப் போனவர்களைப் பற்றிய எழுத்து அதில் ஒரு சிறு பங்கு கூட இல்லை. இந்த மாவட்டத்தின் சமூக வாழ்வை ஆழமாக அசைத்தவர்கள் அவர்கள்தான் என்பது என் முடிவு. அதற்கான ஆதாரங்களை ஒருசேர வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

19ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் அமெரிக்கச் சமூகம் எப்படி மாறியது என்பதற்கு வரலாற்று நூல்கள் மூன்று காரணங்களைச் சேர்த்துச் சொல்வது வழக்கம். ஆலைகள் பெருகின, ஐரோப்பாவிலிருந்து ஆட்கள் வந்து குவிந்தார்கள், அந்த நெருக்கடியிலிருந்து சீர்திருத்த இயக்கங்கள் கிளம்பின. 1880க்கும் 1920க்கும் இடையில் இரண்டு கோடிக்கும் மேற்பட்டவர்கள் அங்கே குடியேறினார்கள். நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுச் சோதனை நிலையம் 1892இல் திறந்தது. மூன்றும் ஒரே நகரத்துக்குள், சில சமயம் ஒரே தெருவுக்குள் நடந்தன. ஆலையும், அதில் வேலை செய்யும் இத்தாலியப் பெண்ணும், அவளுக்காக வாதாடிய சங்கமும் கூப்பிடு தூரத்தில் இருந்தன.

நமக்கு அந்த வரிசை கலைந்து கிடைத்தது. ஆலை வேறெங்கோ இருந்தது. ஆள் இங்கிருந்து போனான். சீர்திருத்தம் அவன் போன இடத்தில் முளைத்துக் கடிதமாகவும் பத்திரிகையாகவும் திரும்பி வந்தது, அல்லது சட்டமாகச் சென்னையிலிருந்து இறங்கி ஊர் எல்லையிலேயே நின்றுவிட்டது. பல்லாயிரம் பேர் வேலை செய்யும் ஆலை மாவட்டத்துக்குள் வந்து சேர்வதற்கு 21ஆம் நூற்றாண்டு ஆயிற்று.

ஏன் போனார்கள் என்பதற்கு முதல் விடை பஞ்சம். 1876 முதல் 1878 வரையிலான தாது வருஷப் பஞ்சம் வட ஆர்க்காட்டைக் கடுமையாகத் தாக்கியது. காவிரிப் பாசனம் போன்ற உத்தரவாதம் இந்தச் சீமைக்கு இல்லை. ஏரி நிரம்பினால் சோறு; நிரம்பாவிட்டால் கேழ்வரகு; அதுவும் பொய்த்தால் ஊரைவிட்டு நடக்க வேண்டியதுதான். பாலாறும் செய்யாறும் ஆண்டில் பாதிக்கு மேல் மணல். இரண்டாவது விடையைப் பஞ்ச அறிக்கைகள் அவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை. அதன் பெயர் படியாள் முறை. ஒரு குடும்பம் ஒரு நிலக்காரரிடம் கடன்பட்டு, அந்தக் கடனுக்காக ஆண்டுக்கணக்கில் படி தானியத்துக்கு உழைப்பது. தகப்பன் பட்ட கடனுக்கு மகனும் உழைப்பது. ஊருக்குள் கூலியை உயர்த்திக் கேட்க வழி கிடையாது. குடியிருக்கும் மனைக்கட்டு கூடப் பெரும்பாலும் அவர்களுடையதாக இருக்காது. அப்படிப்பட்டவனிடம் ஆள் சேர்க்கும் ஏஜென்டோ கங்காணியோ வந்து மாதச் சம்பளம் என்று சொன்னபோது, அதில் பாதி பொய் என்று தெரிந்தும் அவன் போகத் துணிந்ததில் வியப்பில்லை. கூலி ஒப்பந்தம் கொடுமையானது. அதை யாரும் மழுப்பக் கூடாது. ஆனால் ஊரில் அவன் விட்டுப் போனதும் சுதந்திர வாழ்வு அல்ல என்பதைக் கப்பல் பட்டியலின் சாதிக் கட்டம் சொல்கிறது.

இதே காலத்தில் அக்கம்பக்கத்து ஜில்லாவில் ஒரு முக்கியமான முயற்சி நடந்தது. செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்ஹீர் 1891இல் பறையர் மக்களின் நிலையைப் பற்றி ஒரு குறிப்பு எழுதினார். மனைக்கட்டு உரிமை இல்லாமையும் நிலமின்மையுமே அவர்களைக் கட்டிவைத்திருக்கும் கயிறு என்பது அதன் சாரம். அதைத் தொடர்ந்து 1892 செப்டம்பர் 30இல் வந்த அரசாணைதான் பின்னாளில் பஞ்சமி நிலம் என்று பேசப்படும் ஒதுக்கீட்டுக்கு அடிப்படை. ஆணை வந்தது. அதன்படி கிடைத்த நிலத்தில் பெரும்பகுதி பிறகு கைமாறிப் போயிற்று. காகிதத்தில் பிறந்த உரிமை வயலுக்கு வந்து சேராத கதையை இந்த மாவட்டத்தில் இனியும் பலமுறை பார்ப்போம்.

போவதற்கு வழி ரயில். விழுப்புரத்திலிருந்து திருவண்ணாமலை வழியாகக் காட்பாடிக்குப் போகும் மீட்டர்கேஜ் பாதை 1890களின் நடுவில் புதியது. எவ்வளவு புதியது என்பதற்கு ஒரு புகழ்பெற்ற சான்று உண்டு. 1896 ஆகஸ்டு கடைசியில் மதுரையில் வேங்கடராமன் என்ற பதினாறு வயதுப் பையன் பழைய நிலப்பட நூல் ஒன்றைப் புரட்டி, திருவண்ணாமலைக்கு அருகிலுள்ள ரயில் நிலையம் திண்டிவனம் என்று முடிவு செய்தான். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்காகக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, இரண்டு ரூபாய் பதின்மூன்று அணாவுக்குத் திண்டிவனம் டிக்கெட் வாங்கினான். திருவண்ணாமலைக்கே ரயில் போகிறது என்பது அந்தப் படத்தில் இல்லை. மிச்சக் காசுக்கு விழுப்புரத்திலிருந்து மாம்பழப்பட்டு வரை ரயில், பிறகு நடை, அரகண்டநல்லூர், கீழூர்; அங்கே கடுக்கனை அடகு வைத்து நான்கு ரூபாய் பெற்று, திருக்கோவலூரிலிருந்து ரயிலேறிச் செப்டம்பர் 1ஆம் நாள் வந்து சேர்ந்தான். பின்னாளில் உலகம் ரமண மகரிஷி என்று அறிந்தது அந்தப் பையனைத்தான்.

அந்தப் பயணத்தை எத்தனையோ நூல்கள் சொல்லியிருக்கின்றன. அதே தண்டவாளத்தில் ஊரைவிட்டு வெளியே போனவர்களை யாரும் அப்படிப் பின்தொடரவில்லை. காட்பாடிக்குப் போய் அங்கிருந்து ஜோலார்பேட்டை, பங்காரப்பேட்டை என்று மாறி மாறி ஏறினால் தங்கச் சுரங்கம். தெற்கே விழுப்புரம் போனால் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் வழி. மூட்டை மூட்டையாக வேர்க்கடலை அந்தப் பக்கம் போயிற்று. புதுச்சேரி வழியாகக் கப்பலேறிய ஆர்க்காட்டு மணிலாக் கொட்டை பிரான்சின் மார்செய் நகர எண்ணெய் ஆலைகளுக்கும் சோப்புத் தொழிலுக்கும் போனது. போளூர், திருவண்ணாமலைப் பக்கத்து மானாவாரி நிலம் ஐரோப்பியத் தொழிற்புரட்சியோடு இப்படித்தான் கட்டப்பட்டது. ஆலை அங்கே, கொல்லை இங்கே.

கோலார் தங்கவயலைப் பற்றிச் சற்று நின்று பேச வேண்டும். இந்த மாவட்ட வரலாற்றின் ஒரு அத்தியாயம் மாநில எல்லைக்கு அப்பால் கிடக்கிறது என்றால் அது அங்கேதான்.

1880இல் லண்டனின் ஜான் டெய்லர் அண்டு சன்ஸ் நிறுவனம் மைசூர் சமஸ்தானத்து அந்தப் பாறை நிலத்தில் இறங்கியது. 1902இல் சிவசமுத்திரம் நீர்வீழ்ச்சியிலிருந்து நூறு மைலுக்குக் கொஞ்சம் குறைவான தூரத்துக்குக் கம்பி இழுத்துச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். இந்தியப் பெருநகரங்களில் பலவும் எண்ணெய் விளக்கில் இருந்த காலம் அது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போய் உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்றாயிற்று. அந்த ஆழத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பான்மையோர் வட ஆர்க்காடு, சேலம், சித்தூர்ப் பகுதிகளிலிருந்து போன தமிழ் ஆதிதிராவிடர்கள். மேலே பங்களாக்களில் ஆங்கிலேயர். வரிசை வீடுகளில் தொழிலாளர். கீழே வெக்கை, பாறை வெடிப்பு, நுரையீரலில் படிந்து ஆளைக் கொல்லும் சிலிக்காத் தூசு. சொர்க்கம் என்று யாரும் அதைச் சொல்ல முடியாது.

ஆனாலும் அங்கே படி தானியம் கிடையாது. சம்பளம் பணமாக வந்தது. வாரச் சந்தையில் காசு கொடுத்தால் எந்தக் கடைக்காரனும் பொருள் கொடுத்தான். மாலையில் கூடிப் பேச இடமும் நேரமும் இருந்தன. அந்த இடத்திலிருந்து என்ன கிளம்பியது என்பதைப் பாருங்கள். அயோத்திதாசப் பண்டிதர் 1898இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கினார். அதன் வலுவான கிளைகளில் ஒன்று தங்கவயலின் மாரிக்குப்பத்தில் வேர்விட்டது. 1907இல் அவர் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழுக்குச் சுரங்கத் தொழிலாளர்கள் வாசகர்களாகவும் புரவலர்களாகவும் இருந்தார்கள். 1914இல் பண்டிதர் மறைந்து இதழ் நின்றபின், 1926இல் ஜி. அப்பாதுரையார் அதைத் தங்கவயலிலிருந்தே மறுபடி கொண்டுவந்தார். பண்டிதரின் எழுத்துகளை நூலாக்கி வைத்தது அங்கிருந்த சித்தார்த்தா புத்தகசாலை. 1990களில் தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் அயோத்திதாசரை மீண்டும் கண்டுபிடித்தபோது, அவர்களுக்குக் கிடைத்த மூலங்களைப் பாதுகாத்து வைத்திருந்தவர்களில் அந்தச் சுரங்கக் குடும்பங்கள் முக்கியமானவர்கள். பல்கலைக்கழக நூலகங்கள் செய்யத் தவறியதைச் சுரங்கக் கூலிகள் செய்தார்கள். தமிழ் அறிவுலகம் அவர்களுக்குப் பட்டிருக்கும் கடன் பெரிது.

1930இல் சுரங்க நிர்வாகம் ஒவ்வொரு தொழிலாளியின் விரல் ரேகையையும் பதிவு செய்ய வேண்டும் என்றது. வேலை நீக்கப்பட்டவர் வேறு பெயரில் திரும்பி வராமல் தடுப்பது நோக்கம். தொழிற்சங்கம் என்று எதுவும் இல்லாத நேரம். ஆயிரக்கணக்கானவர்கள் மூன்று வாரம் போல வேலைக்கு இறங்க மறுத்தார்கள். வரலாற்றாசிரியர் ஜானகி நாயர் தம் ஆய்வில் இந்த வேலைநிறுத்தத்தை விரிவாக எழுதியிருக்கிறார். அப்பன்காலத்தில் தழும்பையும் மச்சத்தையும் காட்டி நின்றவர்களின் சந்ததி, ரேகை வைக்க மாட்டேன் என்று சொன்ன இடம் அது. இந்த மாவட்டத்துச் சமூக வரலாற்றில் அதைவிடப் பெரிய திருப்பம் எனக்குத் தெரியவில்லை. பண்டிகைக்கு ஊர் திரும்பியவர்கள் துணிமணியோடு பத்திரிகையும் கொண்டுவந்தார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பினார்கள், சிலர் நிலமும் வாங்கினார்கள். 1956இல் சுரங்கங்கள் அரசுடைமையாயின. 2001இல் மூடப்பட்டன. அதற்குள் மூன்று தலைமுறை கடந்திருந்தது.

அமெரிக்காவே நேராக இந்தச் சீமைக்கு வந்த கதையும் ஒன்று உண்டு. ஸ்கட்டர் சகோதரர்கள் 1853இல் அமைத்த அமெரிக்க ஆர்க்காடு மிஷன் வேலூர், ராணிப்பேட்டை, ஆரணி என்று பரவியது. அந்தக் குடும்பத்தின் ஐடா ஸ்கட்டர் 1900இல் வேலூரில் சிறிய அளவில் பெண்களுக்கு வைத்தியம் தொடங்கினார். 1902இல் எழுந்த முதல் மருத்துவமனைக்கு மேரி டேபர் ஷெல் என்ற பெயர். மன்ஹாட்டன் வங்கியாளர் ஒருவர் மறைந்த மனைவியின் நினைவாகக் கொடுத்த 10,000 டாலரில் கட்டியது அது. எல்லிஸ் தீவில் இறங்கியவர்களின் உழைப்பால் பெருகிய நகரத்துச் செல்வத்தில் ஒரு துளி, கப்பலேறிப் போனவர்களின் ஜில்லாவில் பிரசவ அறையாயிற்று. திருவண்ணாமலை நகரில் அந்த இடத்தை எடுத்துக்கொண்டவர்கள் டேனிஷ் மிஷனார். அவர்கள் தொடங்கிய பள்ளி இன்றும் நடக்கிறது. மிஷன் பள்ளிகள் மதம் மாற்றவே வந்தன என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறவர்கள், அந்தப் பள்ளிகளின் வாசலில் அதற்கு முன் யாருக்கெல்லாம் அனுமதி இல்லாமலிருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சுதந்திரத்துக்கு முன்னும் பின்னும் இந்த மாவட்டத்தைப் போல நுணுக்கமாக ஆராயப்பட்ட கிராமப்புறம் இந்தியாவில் குறைவு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளியல் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், 1916 வாக்கில் மாணவர்களை அனுப்பி ஆராய்ந்த ஊர்களில் ஒன்று செய்யாற்றுப் பக்கத்துத் தூசி. 1930களில் அதே ஊர்களை மறுபடி ஆராய்ந்தார்கள். 1980களில் குகனும் பரதனும் சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனத்துக்காகத் தூசிக்கு மீண்டும் போனார்கள். 1973–74இல் கேம்பிரிட்ஜும் சென்னைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து வட ஆர்க்காட்டு நெல் கிராமங்களை ஆராய்ந்தன. அக்குழுவிலிருந்த ஜான் ஹாரிஸ் செய்யாற்றுப் பக்கத்து ராந்தம் கிராமத்தைப் பற்றித் தனி நூலே எழுதினார். பார்பரா ஹாரிஸ்-வைட் ஆரணி நகரத்தின் அரிசி ஆலைகளையும் பட்டு நெசவையும் நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்தார்.

இந்த ஆய்வுகளில் ஒரு சுவையான முரண் உண்டு. 1970களின் ஆய்வு பசுமைப் புரட்சியைச் சந்தேகத்தோடுதான் பார்த்தது. குட்டை ரக நெல்லும் மின் மோட்டாரும் கிணறு வைத்திருப்பவனைத்தான் உயர்த்தும், கூலிக்காரனுக்கு மிச்சம் எதுவும் வராது என்று அஞ்சினார்கள். பத்தாண்டு கழித்துப் பொருளியலாளர்கள் ஹேசலும் இராமசாமியும் அதே கிராமங்களுக்குத் திரும்பிப் போய், 1991இல் வெளியிட்ட முடிவு வேறு: சிறு விவசாயியின் வருமானமும் நிலமற்றவரின் வருமானமும் உண்மையிலேயே கூடியிருந்தன. நெல் விளைச்சல் ஒரு காரணம். பால்மாடு, பண்ணைக்கு வெளியே கிடைத்த வேலை, நகரத்துக்குப் போய்வருதல் ஆகியவையும் சேர்ந்து கூலிக்கு ஆள் கிடைப்பதைக் கடினமாக்கின. படியாள் முறை கரைந்தது. சட்டம் போட்டு ஒழித்தது கொஞ்சம். ஆள் கிடைக்காமல் ஒழிந்தது அதிகம் என்றே நான் கருதுகிறேன். அக்ரகாரத்தார் உத்தியோகத்துக்காகச் சென்னைக்கும் பம்பாய்க்கும் போனதில் நிலம் கைமாறியதும் இதே காலத்து நிகழ்வுதான். மேலே இருந்தவர்களும் கீழே இருந்தவர்களும் போனார்கள். இடையிலிருந்த வேளாண் சாதிகள் நிலத்தோடு நின்று ஊர் அதிகாரத்தை எடுத்துக்கொண்டன.

கிணறுகளின் கணக்கைத் தனியே எழுத வேண்டும். சுருக்கமாகச் சொன்னால், மோட்டார் வந்தபின் நீர்மட்டம் கீழே போய்க்கொண்டே இருந்தது. ஏரிப் பராமரிப்பு கைவிடப்பட்டது. கிணறு வற்றியவர்கள் பெங்களூருக்குப் போனார்கள். செங்கம், தண்டராம்பட்டுப் பக்கம் எந்த ஊரில் கேட்டாலும் பெங்களூரில் கட்டட வேலை செய்யும் உறவினர் இல்லாத வீடு அபூர்வம்.

இனி ஆலை. செய்யாறு சிப்காட்டில் தைவான் நாட்டுக் காலணி நிறுவனம் ஒன்று 2000களின் பிற்பகுதியில் உற்பத்தியைத் தொடங்கியது. உலகச் சந்தைக்கு விளையாட்டுக் காலணி தைக்கும் அந்தத் தொழிற்சாலையில் பல்லாயிரம் பேர், பெரும்பாலும் இளம் பெண்கள். விடியற்காலை இருட்டோடு செய்யாறு, வந்தவாசிப் பக்கத்துக் கூட்டு ரோடுகளில் நின்று பார்த்தால் மாற்றம் கண்ணுக்குத் தெரியும். கம்பெனி பஸ்ஸுக்காக நிற்கிற பெண்கள், கழுத்தில் அடையாள அட்டை, கையில் டிபன் பை, தலையில் முந்தின நாள் கட்டிய கனகாம்பரம். ஒரே பஸ்ஸில் ஊர்த்தெருப் பெண்ணும் காலனிப் பெண்ணும் பக்கத்துப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து போகிறார்கள். ஒரே வரிசையில் தைக்கிறார்கள். சாயந்தரம் இறங்கியதும் வேறு வேறு தெருவுக்குப் பிரிந்து போகிறார்கள். சம்பளம் பெண்ணின் பெயரில் வங்கிக் கணக்குக்கு வருகிறது. அந்தக் கணக்கின் அட்டை யார் கையில் இருக்கிறது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

அமெரிக்காவில் இதற்கு ஈடான காட்சி நியூயார்க்கின் தையல் ஆலைகள். அங்கும் இளம் பெண்கள், பெரும்பாலும் யூதர்களும் இத்தாலியர்களும், குடியேறி வந்தவர்கள். 1911 மார்ச் 25இல் டிரையாங்கிள் சட்டைத் தொழிற்சாலையில் தீப்பிடித்தபோது வெளியேறும் கதவு பூட்டியிருந்தது. 146 பேர் இறந்தார்கள். அந்தச் சாவுகள் ஒரு விசாரணைக் குழுவை உருவாக்கின. அது தொழிலாளர் சட்டங்களை வரிசையாகக் கொண்டுவந்தது. தீயை நேரில் பார்த்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் 1933இல் அந்நாட்டின் தொழிலாளர் துறைச் செயலாளரானார். எட்டு மணி நேர வேலை, கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் கூலி என்பதெல்லாம் அப்படி உயிரைக் கொடுத்து வாங்கியவை. அதனால்தான் 2023 ஏப்ரல் 21இல் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தை நிறைவேற்றியபோது எழுந்த எதிர்ப்பு நியாயமானது. மூன்றே நாளில் அது நிறுத்தி வைக்கப்பட்டது. மே தினத்தன்று திரும்பப் பெறப்படுவதாக முதல்வர் அறிவித்தார். பின்வாங்கியது சரியான முடிவு. விடியலுக்கு முன் கம்பெனி பஸ் ஏறும் பெண்ணுக்குப் போக வரப் பயணத்தைச் சேர்த்தால் நாள் எவ்வளவு நீளும் என்று அந்த மசோதாவை எழுதியவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

அதே சிப்காட்டின் மூன்றாம் கட்ட விரிவாக்கத்துக்கு மேல்மா சுற்றுவட்டாரத்தில் 3,174 ஏக்கர் எடுக்கும் திட்டம் வந்தது. 2023 ஜூலையிலிருந்து விவசாயிகள் தொடர்ந்து போராடினார்கள். நவம்பரில் ஏழு பேர்மீது குண்டர் சட்டம் பாய்ந்தது. கண்டனம் எழவே சில நாட்களில் ஆறு பேர்மீதான ஆணையை அரசு திரும்பப் பெற்றது. தொழிற்சாலை வேண்டாம் என்கிறவர்கள் பிற்போக்கானவர்கள் என்ற பேச்சை நான் ஏற்கவில்லை. நூறாண்டுக் கடனிலிருந்தும் வறட்சியிலிருந்தும் தப்பி, இப்போதுதான் நிலம் கைக்கு வந்த குடும்பங்களும் அந்த ஊர்களில் உண்டு. ஆலை வேலை ஒரு தலைமுறைக்கு. நிலம் அதற்கு அப்பாலும் என்று அவர்கள் போடும் கணக்கில் பிழை இல்லை.

போகிறவர்கள் எல்லோரும் விடுதலையை நோக்கிப் போகவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. 2015 ஏப்ரல் 7இல் திருப்பதிக்கு அருகே சேஷாசலக் காட்டில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள். ஜவ்வாது மலைப் பழங்குடிகளும் அதில் இருந்தார்கள். செம்மரம் வெட்டக் கூட்டிப் போனவன் தப்பிவிடுவான், கோடரி பிடித்தவன் சாவான். கூலி ஏஜென்ட் என்ற உருவம் கப்பல் காலத்திலிருந்து அதிகம் மாறவில்லை. மலையில் சாலையும் பள்ளியும் நிலையான வேலையும் இல்லாதவரை அவன் ஏறி வந்துகொண்டுதான் இருப்பான்.

கடைசியாகக் கோயில். திருவண்ணாமலை கோயில் நகரம் என்பதால் சீர்திருத்தத்தை இங்கே அளக்க அதைவிடச் சரியான இடம் இல்லை. 1939 ஜூலை 8இல் மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் வைத்தியநாத அய்யர் தலைமையில் தாழ்த்தப்பட்டவர்கள் நுழைந்தார்கள். அவ்வாண்டே சட்டப் பாதுகாப்பு வந்தது. 1947ஆம் ஆண்டின் ஆலயப் பிரவேசச் சட்டம் மாகாணம் முழுவதும் இந்துக் கோயில்களை எல்லோருக்கும் திறந்தது. பெரிய கோயில்களில் அது நடைமுறையானது. தேரோடும் வீதிகளிலும் கிரிவலப் பாதையின் 14 கிலோமீட்டரிலும் பக்கத்தில் நடப்பவர் யார் என்று யாரும் கேட்பதில்லை. பெருங்கூட்டத்துக்கு அந்த நல்ல குணம் உண்டு.

கிராமத்து மாரியம்மன் கோயிலுக்கு அந்தச் சட்டம் போகவில்லை. தண்டராம்பட்டு வட்டத்துத் தென்முடியனூரில் முத்துமாரியம்மன் கோயில் இந்து சமய அறநிலையத் துறையின் கட்டுப்பாட்டில் உள்ளது. அதாவது அரசின் கோயில். ஏறத்தாழ எண்பது ஆண்டுகளாகத் தங்களை உள்ளே விடவில்லை என்றார்கள் ஊரின் தலித் மக்கள். 2023 ஜனவரி 30இல் மாவட்ட ஆட்சியரும் காவல் கண்காணிப்பாளரும் முன்னிற்க, பெரும் போலீஸ் பாதுகாப்போடு அவர்கள் உள்ளே போனார்கள். பெண்கள் பொங்கல் வைத்தார்கள். அம்மனை முதன்முறையாக அருகில் பார்த்த வயதானவர்கள் அழுதார்கள் என்று செய்திகள் வந்தன. அதே ஆண்டு ஆகஸ்டு 2இல் செல்லங்குப்பத்து மாரியம்மன் கோயிலிலும் இதே போல நடந்தது. அங்கே தகராறு கிளம்பிய விதத்தைக் கவனிக்க வேண்டும். ஒரே பள்ளியில் படித்து, வேலைக்காகச் சென்னைக்குப் போன, வேறு வேறு சாதியைச் சேர்ந்த இரு இளைஞர்கள் சமூக வலைத்தளத்தில் கோயில் உரிமை பற்றி மோதிக்கொண்டதில் தொடங்கியது என்றன நாளிதழ்கள். ஊரிலேயே இருந்திருந்தால் தலித் இளைஞன் கோயில் உரிமையை அப்படிக் கேட்டிருப்பானா என்பது ஐயம்தான். நகரத்தில் ஒரே அறையில் தங்கவும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடவும் பழகியவனுக்கு, பொங்கலுக்கு ஊர் வந்தால் மட்டும் கோயில் வாசலில் நிற்க வேண்டும் என்பது பொறுக்கவில்லை.

போலீஸ் வண்டிகள் திரும்பிப் போன பிறகு நடப்பதுதான் ஆராயப்பட வேண்டியது. ஆதிக்க சாதியினர் கோயிலைப் புறக்கணிக்கலாம், கூலி வேலைக்குக் கூப்பிடாமல் விடலாம், மாடு மேய வரப்பை மறிக்கலாம், மளிகைக் கடையில் கடன் நிறுத்தலாம். படியாள் காலத்தில் இந்த ஆயுதங்கள் ஒரு வாரத்தில் ஒரு தெருவையே பணிய வைத்தன. இன்று அதே தெருவில் மகன் பெங்களூரிலும் மகள் செய்யாற்றுக் கம்பெனியிலும் சம்பாதிக்கிறார்கள். மளிகையைப் பக்கத்து டவுனில் வாங்கிக்கொள்ளலாம். எந்த ஊரில் வெளியூர்ச் சம்பளம் கூடுதலோ அந்த ஊரில் கோயில் உரிமை நிலைக்கிறதா, எந்த ஊரில் இன்னும் உள்ளூர் வயற்கூலியே கதியோ அங்கே மக்கள் மீண்டும் வாசலுக்குத் திரும்பிவிடுகிறார்களா என்று ஊர் ஊராகக் கணக்கெடுக்க வேண்டும். தூசியையும் ராந்தத்தையும் அவ்வளவு பொறுமையாக அளந்த ஆய்வு மரபு நமக்கு உண்டு. அதே பொறுமையோடு தென்முடியனூருக்கும் செல்லங்குப்பத்துக்கும் யாராவது போய், வீடு வீடாக உட்கார்ந்து, யார் எங்கே வேலைக்குப் போகிறார், பணம் எங்கிருந்து வருகிறது, ஆடி மாதம் கூழ் ஊற்றும் நாளில் யார் கோயிலுக்குள் நிற்கிறார் என்று கேட்டு எழுத வேண்டும்.